மிளகாயும் நாவலும்: நம் ஊர்க் கதை எங்கே விளைகிறது?

ஒரு பிள்ளையிடம் வெள்ளைத் தாளொன்றைக் கொடுத்து, "ஒரு கிராமத்தைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மலைகள் முதலில் வரும். மலைகளுக்கு நடுவே சூரியன் எழும். மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். ஆற்றங்கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும் நிற்கும்.

படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வன்னியில் மலை எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு எங்கே ஓடுகிறது? நமது கிராமம் என்றால் குளமும், குளக்கட்டும், அதன் கீழே வயலும், வயலுக்கு அப்பால் காடும் அல்லவா? இல்லையென்றால் கிணறும், துலாவும், செம்மண் தோட்டமும், பனங்கூடலும் அல்லவா? பிள்ளை பொய்யாகக் கீறவில்லை. தான் கண்டதைத்தான் கீறியிருக்கிறது. அது கண்ட கிராமம் பாடப்புத்தகத்திலும், கலண்டரிலும், சினிமாவிலும், ரெலிவிஷனிலும் உள்ள கிராமம். இடம்பெயர்ந்த வாழ்விலே பிறந்து, கொட்டிலிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு வேறு கிராமத்தை நாம் காட்டவும் இல்லை.

புத்தகமும் படமும் நம் வாழ்வைக் காட்டும் கண்ணாடி என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மண்ணைக் குழைத்துக் கல் அரியும் அச்சாகவும் அவை இருக்கின்றன. அச்சு எப்படியோ கல்லும் அப்படி. ஆகவே, அந்த அச்சைச் செய்பவர் யார் என்ற கேள்வி கமக்காரர்களாகிய நமக்கும் உரியது. இதை விளங்கிக்கொள்ள, நமக்கு நன்கு தெரிந்த ஒரு பயிரிலிருந்து தொடங்குவோம்.

வேலி அடைத்த காலம்

1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் பல பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியது அல்லது குறைத்தது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவையும் அவற்றுள் அடங்கும். அதன் பலனை வடபகுதிக் கமக்காரர் நன்கு அறிவர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் காசுப் பயிர்களாகின. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களிற் குடியேறிய இளைஞர்கள் மிளகாய் வைத்து முன்னுக்கு வந்தனர். கல்வீடு எழுந்ததும், உழவு இயந்திரம் வாங்கியதும், பிள்ளையின் கலியாணம் ஒப்பேறியதும் மிளகாய்க் காசினால் என்று சொல்லும் குடும்பங்கள் பல உண்டு.

இதே வேலிக்குள் இன்னொரு பயிரும் விளைந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அக்காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. வாராவாரம் கப்பலில் வந்த தொடர்கதைகள் குறைந்தன. வாசிக்கும் பசி மட்டும் குறையவில்லை. அந்தப் பசிக்கு நம் நாட்டு எழுத்தாளர்கள் உணவிட முன்வந்தனர். வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. பத்திரிகை போகும் வழியிலேயே புத்தகமும் போனது. பட்டினத்துப் புத்தகசாலைக்கு வராத மனிதரின் கைக்கும், ஊர்ச் சந்திக் கடை வழியாக ஒரு நாவல் வந்து சேர்ந்தது.

அந்த நாவல்களில் வந்த இடங்கள் நமக்குத் தெரிந்த இடங்கள். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வெளிவந்தது. அதன் களம் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு. காட்டோரக் கமமும், குளமும், அங்கு வாழ்ந்த எளிய மனிதரும் அதில் வருகின்றனர். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' கடற்றொழிலாளரின் வாழ்வைச் சொன்னது. அவரே எழுதிய 'காட்டாறு' வன்னிக் கமக்காரர் சுரண்டப்படுவதைப் பேசியது. "எங்கள் ஊர் புத்தகத்தில் வருமா?" என்று அதுவரை கேட்டவர்களுக்கு, வரும் என்று அந்த நாவல்கள் பதில் சொல்லின.

சினிமாவிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, படங்களின் இறக்குமதி அதன் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணக் கிராம வாழ்வைக் காட்டிய 'குத்துவிளக்கு' வெளிவந்தது. 1977 இல் வந்த 'பொன்மணி'யை நெறியாள்கை செய்தவர் சிங்களக் கலைஞரான தர்மசேன பத்திராஜா. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் அப்படம் தொட்டது. 1978 இல் 'வாடைக்காற்று' நாவலே படமாகியது.

'கோமாளிகள்' (1976) படத்தின் கதை தனியானது. எஸ். ராமதாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த நகைச்சுவைத் தொடர் நாடகமே அப்படத்துக்கு மூலம். அந்நாடகத்திலே மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ஐயரின் தமிழ் வேறாக இருந்தது. நான்கு வகைத் தமிழும் ஒரே வீட்டில் சண்டை பிடித்துச் சிரிக்க வைத்தன. சபைக்கு உதவாது என்று கருதப்பட்ட நம் வீட்டுப் பேச்சு மேடைக்கு உரிய பேச்சாக மாறியது.

எல்லாமே நன்றாக இருந்தன என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளிலே பாணுக்கும் சீத்தைத் துணிக்கும் வரிசையில் நின்றோரை மறக்க முடியாது. வேலிக்குள் விளைந்த எல்லா மிளகாயும் முதல் தரமானதும் அல்ல. வெளிவந்த எல்லா நாவலும் நல்ல நாவலும் அல்ல. படங்கள் சில, தென்னிந்தியப் படத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகளாகவே இருந்தன. எனினும் ஒன்று உறுதியாயிற்று. நிலமும் நீரும் சந்தையும் கிடைத்தால் நம் மண்ணிலும் கதை விளையும்.

வேலி பிரிந்தபின்

1977 இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. விலை விழுந்தது. தோட்டத்தில் கடன்பட்டுப் பசளையும் மருந்தும் போட்டவர்கள் கையைப் பிசைந்தனர். அதே கதவால் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் வந்தன. உள்ளூர் நாவலுக்குச் சந்தை சுருங்கியது. உள்ளூர்ப் படம் எடுத்தவர்கள் நட்டப்பட்டனர்.

தமிழ்நாட்டுச் சினிமாவும் அந்நேரத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1977 இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' கமெராவை ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துக்குக் கொண்டு போனது. அது அந்த மண்ணுக்கு நேர்ந்த நல்ல காரியம். நமக்கோ அதிலே ஒரு சிக்கல் இருந்தது. நம் கிராமம் திரையிலிருந்து மறையத் தொடங்கிய வேளையிலே, இன்னொரு நாட்டின் கிராமம் அதே மொழியில், அதைவிட அழகாக, வந்து நிறைந்தது.

ரெலிவிஷனும் வந்து சேர்ந்தது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. அவற்றில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிதே. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கொண்டுவந்த ரெலிவிஷன் பெட்டியிலும் டெக்கிலும் தமிழ்நாட்டுப் படங்களே பெரும்பாலும் ஓடின.

சந்தை மட்டும் நம் கதையை அழிக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. விதை நெல்லையே கொளுத்தியது போன்ற இழப்புகள் இவை.

அதன்பின் வந்த காலத்தை வாசகர்கள் அனுபவித்தே அறிவீர்கள். 1990 ஜூனின் பின் குடாநாட்டிலும் வன்னியிலும் மின்சாரம் இல்லை. வன்னியின் பல பகுதிகளுக்கு அது 2009 இன் பின்னரே வந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நாட்களிலே, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவினால் வானொலி கேட்டோம். ஊரார் காசு சேர்த்து ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஓர் இரவில் மூன்று படம் பார்த்தோம். இடம்பெயர்ந்த இடத்திலும் இது தொடர்ந்தது. அந்தப் படங்கள் அன்று பல மனங்களுக்கு மருந்தாக இருந்தன. வெளியிலிருந்து வந்த கதை எல்லாம் கேடு என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் மருந்தே உணவாக முடியாது. தமிழ்நாட்டுப் படத்தின் கிராமத்திலே ஒரு நாட்டாமை இருப்பார். ஆலமரத்தின் கீழ்ப் பஞ்சாயத்துக் கூடும். அவர் சொல்வதே தீர்ப்பு. நமது ஊரிலே அப்படி ஒருவர் இல்லை. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது என்றெல்லாம் அங்கே பேசி முடிவு செய்வார்கள். மட்டக்களப்பிலே வட்டவிதானை நீரைப் பங்கிட்டார். சத்தம் போட்டாலும், சண்டை பிடித்தாலும், கூடிப் பேசி நீரைப் பங்கிடுவது நம் வழக்கம். திரையில் மட்டும் கிராமத்தைக் கண்ட பிள்ளை, ஊர் என்றால் ஒருவர் கட்டளையிட மற்றவர் கைகட்டி நிற்பது என்று எண்ணி வளர்கிறது. நாளை அந்தப் பிள்ளை கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தால் வாய் திறந்து பேசுமா?

கதை செய்யும் வேலை

ஒரு கதை மனிதரை உண்மையில் மாற்றுமா என்று சிலர் கேட்கலாம். பிற நாடுகளில் நடந்த இரண்டு காரியங்களைப் பார்ப்போம்.

முதலாவது இந்தியாவில் நடந்தது. 1984 ஜூலையில் தூரதர்ஷனில் 'ஹம் லோக்' என்ற ஹிந்தித் தொடர் நாடகம் தொடங்கியது. 'நாம்' என்பது அதன் பொருள். கஷ்டப்பட்ட நடுத்தரக் குடும்பமொன்றின் கதை பல பகுதிகளாக 1985 டிசம்பர் வரை ஓடியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை ஆகியவற்றைப் பற்றி மக்களைச் சிந்திக்க வைப்பதே நோக்கம். இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன.

ஆனால் விதைத்தது ஒன்று, முளைத்தது வேறொன்று. அந்தக் குடும்பத்தின் தாய் பகவந்தி, எல்லாவற்றையும் பொறுத்து எல்லோருக்கும் அடங்கிப் போகிறவள். 'இப்படி இருக்கக்கூடாது' என்று காட்டவே அவளைப் படைத்தனர். பார்த்த பெண்கள் பலரோ, நல்ல மனைவிக்கும் நல்ல தாய்க்கும் அவளே உதாரணம் என்று கொண்டனர். இன்னொரு விளைவும் இருந்தது. அத்தொடரின் விளம்பரதாரராக வந்தது, இந்தியாவில் அப்போதுதான் அறிமுகமாகியிருந்த மகி நூடில்ஸ். தொடரோடு நூடில்சும் வீடுகளுக்குள் புகுந்தது. நாடகம் மனதை மாற்ற நினைத்தது. சமையலறையும் சேர்ந்து மாறியது. கதையை யார் எழுதுகிறார் என்பதோடு, அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இரண்டாவது இங்கிலாந்தில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் அங்கே உணவுப் பங்கீடு நீங்கவில்லை. விளைச்சலைக் கூட்டவேண்டும். பிபிசி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கமக்காரர் அதிகம் கேட்கவில்லை. இதைப் பற்றி ஆராய 1948 இல் பேர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூடியது. அதிலே ஒரு கமக்காரர் எழுந்து, அக்காலத்தில் நாடே கேட்ட துப்பறியும் தொடர் நாடகமொன்றின் பெயரைச் சொல்லி, கமக்காரருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். முதலிற் பலர் சிரித்தனர். அந்த யோசனையிலிருந்தே 'த ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் பிறந்தது. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பானது. அம்ப்ரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரு கமக்காரக் குடும்பம். அவர்களுடைய காதல், கோபம், கடன், மரணம் ஆகியவற்றின் நடுவே மாட்டுநோயும் விதையும் உரமும் பேசப்பட்டன. விவசாய அமைச்சின் ஆலோசனையும் அதற்கு இருந்தது. 1955 செப்டெம்பர் 22 இல், அந்நாட்டின் வர்த்தகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே மாலையில், நாடகத்தில் கிரேஸ் என்ற இளம் மனைவி தீயில் அகப்பட்டு இறந்தாள். சொந்த வீட்டில் இழவு விழுந்தது போல மக்கள் துக்கப்பட்டனர். அந்தத் தொடர் இன்றும் நடக்கிறது.

ஹம் லோக் மேலேயிருந்து மக்களுக்காகச் செய்யப்பட்டது. ஆர்ச்சர்ஸ் தொடரின் பொறி கமக்காரர் ஒருவரின் வாயிலிருந்து விழுந்தது. கதை வேண்டும் என்று கேட்க வேண்டியவர்களும் நாம்தான் என்பதை அந்த மனிதர் நமக்குக் காட்டுகிறார்.

ஊரைக் காத்த புத்தகம்

'நிலக்கிளி'க்கு மீண்டும் வருவோம். நாவல் வெளிவந்து பதினொரு ஆண்டுகளில், 1984 இன் இறுதியில், தண்ணிமுறிப்பு உட்பட அப்பகுதிக் கிராமங்களின் தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாவலிற் கண்ட கிராம வாழ்வு கலைந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் குளமும் காடும் அப்படியே இருக்கின்றன. அங்கே பிறக்காத பேரப்பிள்ளையும் அந்த ஊருக்குள் நடந்து வரலாம். உறுதியும் அனுமதிப்பத்திரமும் காணி யாருடையது என்று சொல்லும். அந்தக் காணியில் எப்படி வாழ்ந்தோம் என்று சொல்வது கதை.

இன்னொரு நாவலையும் இங்கே நினைக்கலாம். 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரச அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர், முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றினார். அம்பாந்தோட்டைச் சேனைக் கமக்காரரின் வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1913 இல் வெளிவந்தது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1980 இல் 'பெத்தேகம' என்ற சிங்களப் படமாக எடுத்தார். கடனும், நோயும், அதிகாரம் உள்ளவரின் அநீதியும் ஒவ்வொரு குடும்பமாக அழிக்க, கடைசியில் ஒரு பெண் மட்டும் தனித்து நிற்கிறாள். காடு அவளுடைய குடிசை வாசல்வரை வந்துவிடுகிறது.

மீள்குடியேறச் சென்று, வீட்டு அத்திவாரத்தை நாயுருவிக்கும் முட்பற்றைக்கும் நடுவே தேடியவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல. வேறுபாடு ஒன்று உண்டு. அந்தக் கதையிலே திரும்பி வருவதற்கு எவரும் மிஞ்சவில்லை. நமது கதையிலே நாம் மிஞ்சியிருக்கிறோம். திரும்பியவர்களும் இருக்கிறோம், இன்னமும் திரும்ப முடியாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

நாவல் எழுத எல்லோராலும் முடியாது. படம் எடுக்கப் பெருங்காசு வேண்டும். ஆனால் கதைக்கு விதை நெல்லைச் சேர்த்து வைக்க நம் ஒவ்வொருவராலும் முடியும்.

ஒரு கொப்பியை எடுப்போம். வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். ஊரின் குளங்கள், வாய்க்கால்கள், வயற்றுண்டுகள் ஒவ்வொன்றின் பெயர் என்ன? அந்தப் பெயர் ஏன் வந்தது? மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி என்ற நெல்லினங்களில் எதை எந்த மண்ணில் விதைத்தோம்? பன்றிக் காவலிலும் குருவிக் காவலிலும் என்ன பாடினோம்? அரிவு வெட்டும்போது முதலடி எடுத்தவர் யார்? கிராமத்தின் படத்தையும் கீறட்டும். மலையில்லாமல், குளக்கட்டோடு கீறட்டும்.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் அரை மணி நேர நாடகம் போடுவோம். பட்டுச் சேலையும் பெரிய செற்றும் வேண்டாம். கூப்பன் கடை வரிசையும், காணிக் கந்தோரும், கடன்காரரும், கலியாணமும் நமக்குத் தெரிந்த கதைகள்தாம். அவற்றை நாம் பேசும் தமிழிலேயே பேசுவோம்.

படமும் தொடர் நாடகமும் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து பார்ப்போம், பார்த்தபின் பேசுவோம்.

கூட்டங்களில் கலந்துரையாடச் சில கேள்விகள்:

1. நாம் கடைசியாகப் பார்த்த படத்தில் கமக்காரர் வந்தாரா? வந்தால், அவர் என்ன வேலை செய்தார்? வேலை செய்வதைக் காட்டினார்களா, பாடுவதை மட்டும் காட்டினார்களா?

2. அதில் பெண்கள் எதைத் தீர்மானித்தார்கள்? நம் குடும்பத்தில், இடம்பெயர்ந்த நாட்களில், எதைத் தீர்மானித்தார்கள்?

3. நிகழ்ச்சியின் இடையில் வந்த விளம்பரம் எது? அந்தப் பொருள் நம் வீட்டுக்கு எப்போது வந்தது? அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

4. நமது ஊரைப் பற்றி ஒரு கதை எழுதினால், அதில் கட்டாயம் வரவேண்டிய ஒருவர் யார்? அவரைப் பற்றி இப்போது சொல்லக்கூடியவர் யார்?

நான்காவது கேள்விக்கு விடை தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகிறார்கள். பருவம் பிந்தினால் விதைப்பு வீண் என்பது கமக்காரருக்கு எவரும் சொல்லித் தரவேண்டிய பாடமல்ல. இந்தப் போகத்திலேயே கொப்பியைத் திறப்போம்.